அரசர் வாயை மூடிய இடம்

விடிய விடிய ஆடும் கூத்தை இரண்டு மணி நேரப் படத்துக்குச் சுருக்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட என் துணிச்சலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கூத்தில் அரசர் ஒரு வரி பாடுவார். மத்தளத்துக்குப் பக்கத்தில் நிற்கும் பிற்பாட்டுக்காரர் அதைத் திருப்பிப் பாடுவார்கள். படத்தில் இவர்கள் எதற்கு என்று திரைக்கதையில் அவர்களை வெட்டியது நான்தான். இரண்டு தடவையும் அரசரையே பாட வைத்து, பாட்டுகளை முன்கூட்டியே பதிவு செய்தோம்.

அரசராக ஆடுபவர் தன்னாமுனைக்காரர், வாவியில் வலை வீசுபவர். இருபது வருடமாக அதே வேஷம். வேறு நடிகர் வேண்டாம், இவர்தான் வேண்டும் என்று இயக்குநரிடம் அடம்பிடித்தவனும் நான்தான்.

பழுகாமத்து வாவிக்கரையில் முதல் நாள் படப்பிடிப்பு. ஒலிபெருக்கியில் பாட்டு ஓட, அவர் வாயசைக்க வேண்டும். முதல் தடவை அழகாக அசைத்தார். அதே வரி திரும்ப வந்ததும் வாயை மூடிக்கொண்டு ஆடத் தொடங்கினார். குரல் மட்டும் தனியே போய்க்கொண்டிருந்தது. ஏழு முறை எடுத்தும் இதே கதைதான்.

இயக்குநர் என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனார்.

"மத்தியானத்துக்குள்ள சரிவராட்டி கொழும்பிலிருந்து ஒரு நடிகரைக் கூப்பிடுறன் சேர். குரல் இவருடையதாவே இருக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. நேரே அரசரிடம் போய், "ரெண்டாந்தரமும் வாயசைக்கிறதுக்கு என்ன அண்ணன்?" என்று கேட்டேன்.

"அது பிற்பாட்டுக்காரங்கட இடம் சேர். அவங்க பாடக்குள்ள நான் வாயத் திறந்தா மரியாதையில்ல. வேணுமெண்டு செய்யல்ல, வாய் தானா மூடுது."

பிழை என்னுடையது. இயக்குநரிடம் அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது, சொன்னேன். படப்பிடிப்புப் பார்க்க வந்து மரநிழலில் நின்ற பிற்பாட்டுக்காரர் நால்வரையும் மத்தளத்தோடு கமராவுக்குள் கொண்டுவந்தோம். பதிவில் அரசர் இரண்டாம் முறை பாடிய இடங்களை ஒலிப்பதிவாளர் அடக்கிவிட, அங்கே அவர்கள் பாடினார்கள். அரசர் நிம்மதியாக வாயை மூடி ஆடினார். அந்த ஒரே டேக்கில் முடிந்தது. அப்பாடா என்று மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அரசர் கிரீடத்தோடு என்னிடம் வந்தார்.

"அப்ப கொழும்பு ஆள் வரமாட்டார்தானே சேர்?"

இயக்குநர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது.

"இல்ல அண்ணன். நாளைக்கும் நீங்கதான்."

இடுப்பில் செருகியிருந்த தொலைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார். "என்னய நிப்பாட்டல்ல புள்ள" என்று சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது.