பேர் கேட்டார்கள்

கல்யாணமாகிச் செந்துறைப் பக்கம் வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. எழுபதுகளின் கடைசி. சித்திரைக்குச் சித்திரை என் மாமியார் மேல் ஊர்ச்சாமி செல்லியம்மா வருவாள். ஊரே காலில் விழும். எனக்கோ சிரிப்பை அடக்க முடியாது. எட்டாவது வரை படித்த திமிர். "ஒங்கம்மா நல்லாத்தான் ஆடுறாங்க" என்று புருஷனிடம் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அந்த ஆவணியில் கடலைக்கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தோம். உச்சி வெயில். ஒரு செடியை உதறினேன், மண் உதிர்ந்தது. அவ்வளவுதான். அந்த மண்ணும் வெயிலும் என் கையும் வேறு வேறில்லை என்று தெரிந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லை. பசிக்கிறது என்று தெரிவதுபோலத் தெரிந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன், சிரித்தேன். அப்பாடி, அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் கண்டதேயில்லை. ஞானம் அது இது என்று பிற்பாடு பெரிய வார்த்தைகளெல்லாம் கேள்விப்பட்டேன். அன்றைக்கு என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

"சாமி வந்துட்டுது!" என்று கூட இருந்த பெண்கள் கத்தினார்கள். கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பக்கத்தில், மேலே வந்த சாமி தன் பேரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் பேய்க்கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

பூசாரி உள்ளங்கையில் சூடத்தை ஏற்றி என் முகத்துக்கு நேரே நீட்டினார். "யாரு வந்திருக்கறது? சொல்லு!"

"யாரும் வரலிங்க. நாந்தான் இருக்கேன்." சத்தியமாக அதுதான் உண்மை.

"பாத்தீங்களா, மறைக்குது!" என்று முதுகில் வேப்பங்கொத்தால் வீசினார். தலைமுடி அவிழ்ந்து, முந்தானை விலகிக் கிடந்தேன். எதிரே மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முன்னால் நான் நிமிர்ந்து நின்றுகூடப் பழக்கமில்லை. மானம் போயிற்று, அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது. பேய் பிடித்தவள் அடுப்படிக்கு ஆகாது, இன்றைக்கே தாய்வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்றார் பூசாரி. என் புருஷன் தன் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். இனி எந்த முகத்தோடு அம்மா வீட்டு வாசலில் போய் நிற்பது?

மாமியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். என் முந்தானையை இழுத்துச் சொருகினார். திருநீறு பூசுகிற சாக்கில் காதோரம் குனிந்தார்.

"செல்லியம்மான்னு சொல்லிடுடி. வூட்டுக்குப் போயிடலாம். எங்கிட்ட பேரு கேட்ட அன்னிக்கி நானும் அப்படித்தான் சொன்னேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். வருஷா வருஷம் நான் சிரித்த முகம். அடிபட்டதைவிட அதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து நின்று, "செல்லியம்மா" என்றேன்.

குலவை எழுந்தது. முதல் ஆளாக மாமியார்தான் என் காலில் விழுந்தார். நெற்றியைப் பாதத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தூக்கிவிடக் குனியப் போனேன். சாமி அப்படிச் செய்யாது என்று ஞாபகம் வந்தது. நிமிர்ந்தே நின்றேன்.