புத்தகங்களைப் பழசாக்கிய பின்னேரம்

மன்னிக்க வேண்டும். ஓ.எல். பரீட்சையோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டுத் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவள் நான். பிளவுஸ், பாவாடை, பக்கத்து வீட்டுக் கதை என்று பத்திரிகையின் இந்த மூலையில் ஏதோ எழுதுகிறேன். நீங்களும் கிழமைக்குக் கிழமை பொறுத்துக்கொள்கிறீர்கள். ஆனால் நூலகத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி?

யோசித்துப் பார்த்தேன். நூலகத்துக்குள் போய்ப் புத்தகம் எடுத்து வாசித்தவர்கள்தான் எழுதலாம் என்றால், எங்கள் ஊரில் ஒருவருமே எழுத முடியாது. ஆகவே துணிந்துவிட்டேன்.

போன கிழமை பாடசாலையில் தாய்மார் சங்கத்தைக் கூப்பிட்டார்கள். தாய்மார் சங்கம் தெரியும்தானே... சிரமதானத்துக்குப் புல்லுப் பிடுங்குவோம், விழாவுக்குப் பலகாரம் சுடுவோம், பெரிய ஆட்கள் வந்தால் வெயிலில் நிற்போம். இந்த முறை வேலை வேறு.

புத்தகங்களைப் பழசாக்க வேண்டுமாம்!

கல்லடிப் பக்கம், கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் பாடசாலை. சுனாமி வந்தபோது பழைய கட்டடத்தோடு புத்தகங்களும் போய்விட்டன. பிறகு ஒரு வெளிநாட்டு நிறுவனம் புது நூலகம் கட்டித் தந்தது. கண்ணாடி அலுமாரிகள், மின்விசிறி, சுவரிலே பளிங்குப் பெயர்ப்பலகை. நாடா வெட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். பூட்டினார்கள்.

அவ்வளவுதான். பூட்டிய திறப்பு பாடசாலை அதிபரின் சட்டைப் பைக்குள் போனது... போனதுதான்.

அதிபர் கெட்ட மனிதர் அல்ல. சுனாமிக்குப் பிறகு, நனைந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வேலியில் விரித்துக் காயவைத்தவர் அவர்தான். ஒன்றும் தேறவில்லை. "ஒருக்காக் கடல் கொண்டு போனது காணும், இனிப் போக விடமாட்டன்" என்பார். அன்றிலிருந்து கடலையும் பிள்ளைகளையும் ஒரே கண்ணால்தான் பார்க்கிறார்.

என் மகள் நிலானி அந்தத் திறப்பு விழாவின்போது மூன்றாம் வகுப்பு. போட்டோவுக்காக ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு புத்தகத்தை விரித்துக் கொடுத்தார்கள். மற்றப் பிள்ளைகள் கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னுடையது புத்தகத்தைப் பார்த்தது.

ஆடு ஒன்று கல்முனை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்கிறது. கண்டக்டர் அதை நோக்கி வருகிறார்...

போட்டோ முடிந்தது. புத்தகத்தை வாங்கி உள்ளே வைத்தார்கள்.

"மறுகா என்ன நடந்த அம்மா?" என்று அன்றைக்குக் கேட்கத் தொடங்கியவள்தான். நானும் எத்தனையோ முடிவு சொல்லிப் பார்த்தேன். கண்டக்டர் இரக்கப்பட்டு விட்டுவிட்டார் என்றேன். ஆடு டிக்கெட்டைத் தின்றுவிட்டது என்றேன்.

"அது நீங்க சொல்ற கதை. புத்தகத்தில என்ன இருக்கு?"

இப்போது அவள் ஏழாம் வகுப்பு. நாட்டில் சண்டை கூட முடிந்துவிட்டது. ஆடு இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறது.

சண்டை முடிந்து பாதைகள் திறந்ததும், கொடுத்தவர்கள் தாங்கள் கொடுத்ததைப் பார்க்க வரத் தொடங்கினார்கள். எங்கள் பாடசாலைக்கும் ஆள் வருகிறது என்று செய்தி. யாரும் வாசிக்கவில்லை என்று தெரிந்தால், புத்தகங்களை வேறு பாடசாலைக்கு ஏற்றிவிடுவார்களாம். அதிபர் சட்டைப் பைக்குள் இருந்து திறப்பை எடுத்தார். கதவைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு புத்தகமும் கல்யாணப் புடவை மாதிரி மடிப்புக் குலையாமல் மினுங்குகிறது. என்ன செய்வது?

கூப்பிடு தாய்மாரை.

நிலத்தில் பாய் விரித்து, ஆளுக்கொரு குவியல் தந்தார்கள். அதிபர் நடுவில் நின்று வகுப்பெடுத்தார். "மூலைய மடியுங்க. ஆனா எல்லாத்திலயும் ஒரே பக்கத்த மடிக்க வேணாம், சந்தேகம் வரும்."

"எண்ணெய்க் கை வைக்கலாமா சேர்?" என்று கேட்டார் யோகமக்கா. எனக்குப் பக்கத்து வீடு, வாய்க்குப் பூட்டில்லாத மனுசி.

"கொஞ்சமா வைங்க."

யோகமக்கா ஒரு புத்தகத்தை எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்தார். பிறகு தூக்கிக் காட்டினார். "என்ர மனுசன்ட சட்டைக் கொலர் மாதிரி வந்திற்று. காணுமா சேர்?"

எல்லோரும் சிரித்தோம். நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். அவர் கையில் இருந்த அட்டையில், பஸ் ஜன்னலால் ஒரு ஆடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யோகமக்கா, அத இஞ்ச தாங்க."

"என்ன கா, உனக்கு ஆட்டில இவ்வளவு ஆசையா?"

வாங்கினேன். கண்டக்டர் வரும் பக்கத்திலிருந்து கடைசிவரை வாசித்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் எதிரே இருந்த தாய்மாரும் மடிப்பதை மறந்துவிட்டு வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் உதட்டை அசைத்து, ஒருவர் விரலை வைத்து... பூட்டிய நாளிலிருந்து அந்த நூலகத்தில் நடந்த முதலாவது வாசிப்பு!

அதிபருக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா இது? வாசிச்சுக்கொண்டு இருந்தா எப்ப வேலை முடியிற?"

ஆட்டுப் புத்தகத்தையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

வீட்டுக்கு ஓடிப்போய், "மகள், ஆட்டுக்கு என்ன நடந்ததெண்டு தெரியுமா?" என்று தொடங்கினேன். நிலானி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"சொல்லாதீங்க அம்மா! நான் வாசிக்கணும்."

இவ்வளவு காலம் காத்திருந்தவள் அல்லவா? கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன்... யாரிடம்? எந்த வாயால்? பஸ்ஸில் மீதிக் காசு கேட்கவே கூச்சப்படுகிறவள் நான்.

ஆள் வருகிற நாளும் வந்தது. காத்தான்குடியில் எடுத்த புதுத் திரைச்சீலை ஜன்னலில் ஆடியது. தாய்மாரில் என்னைத்தான் அதிபர் முன்வரிசைக் கதிரையில் இருத்தினார். எனக்கே ஆச்சரியம்.

வந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. கூடவே மொழிபெயர்க்க, வந்தாறுமூலைக் கெம்பஸில் படிக்கிற ஒரு தம்பி. அந்த அம்மா மடிந்த மூலைகளைத் தடவித் தடவிப் பார்த்தார். எண்ணெய்க் கறையைக் கண்டு முகம் மலர்ந்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"உங்கட பிள்ளைக்கு எந்தப் புத்தகம் விருப்பமெண்டு கேக்கிறாங்க" என்றார் தம்பி.

"ஆட்டுக் கதை."

"ஏன் விருப்பமாம்?"

"தெரியா தம்பி. மூணு பக்கந்தான் வாசிச்சவள்."

"ஏன் மூணு பக்கம்?"

"அவ்வளவு நேரத்தில போட்டோ எடுத்து முடிஞ்சிற்று."

தம்பி அதிபரைப் பார்த்தார். அதிபர் மின்விசிறியைப் பார்த்தார். தம்பி இங்கிலீஷில் என்னவோ சொன்னார் — நான் சொன்னதைவிட நீளமாக. அந்த அம்மாவின் கண் கலங்கியது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இன்னொரு அலுமாரி நிறையப் புத்தகம் தருவதாக அங்கேயே அறிவித்தார்.

வெளியே வந்து கேட்டேன். "தம்பி, என்ன சொன்னீங்க?"

"மூணு பக்கத்திலேயே பிள்ளைக்கு வாசிப்பில ஆசை வந்திற்று எண்டன் அக்கா. பொய்யில்லையே?"

பொய்யில்லைதான். பட்டப்படிப்பு சும்மாவா?

வாகனம் போனதும் அதிபர் என்னைக் கூப்பிட்டார். முகம் கறுத்திருந்தது. "நிலானிட அம்மா, நீங்க வாயே திறக்காத ஆளெண்டுதானே முன்னுக்கு இருத்தின நான்?"

திறந்த வாய் திறந்ததுதானே. மூடுவதற்கு முன் கேட்டுவிட்டேன். "சேர், அந்தப் புத்தகத்த ஒரு நாளைக்குத் தாங்க. புள்ள வாசிக்கட்டும்."

அலுமாரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வேலியில் காய்ந்த புத்தகங்கள் அவர் கண்ணுக்குள் வந்து போயினவோ என்னவோ. பிறகு கதவைத் திறந்து ஆட்டுப் புத்தகத்தை எடுத்து, பழைய பேப்பரில் சுற்றி, திருட்டுப் பொருள் மாதிரி என் கையில் வைத்தார்.

"கொண்டு போங்க. ஆனா ஒருத்தருக்கும் சொல்லக் கூடா. மறுகா எல்லாப் புள்ளையளும் வந்து கேக்கும்."

எல்லாப் பிள்ளைகளும் வந்து புத்தகம் கேட்பது... ஒரு பாடசாலைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து உண்டா?

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லவுமில்லை. எழுதத்தான் செய்கிறேன்.

நிலானி சீருடையைக் கூடக் கழற்றாமல் வாசித்தாள். ஓரிடத்தில் பெரிதாகச் சிரித்தாள். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்களும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் மகள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். நூலகம் பூட்டியிருந்தது. வகுப்பில் பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு வந்தாள்.