நாலு வரியை ஒரு வரியாக்கிய கோப்பு

கம்ப்யூட்டர் வேலையில் கண்ணுக்குத் தெரிகிற தப்பைத் திருத்திவிடலாம், தெரியாத தப்புதான் ஆளை வீட்டுக்கு அனுப்பும். பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிரி அனுப்பிய ஆள்

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் சிவகாசியில், பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ஒரு பிரஸ்ஸில் இருந்தேன். எந்த லேபிளில் என்ன வாசகம் என்று ஓர் எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி ஓட்டினால், அச்சுக்கான ஃபைல் தானாகத் தயாராகும். அந்தக் கோப்பு என் பொறுப்பு. எச்சரிக்கையை மேற்கோள் குறிக்குள், வரிக்கு வரி என்டர் தட்டி நாலு வரியாக எழுதினேன். வந்ததோ ஒரே நீள வரி. ஓரத்தைத் தாண்டி ஓடி, 'தள்ளி நிற்கவும்' அறுபட்டுப் போயிருந்தது.

இன்னொரு தடவை இப்படி வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. கதவு வரை போனவர் திரும்பி வந்து, மெதுவாகக் கேட்டார்: "நெசத்தச் சொல்லுங்க தம்பி, எதுத்த பிரஸ்ஸுக்காரக சொல்லித்தானே இங்கன வந்தீக?"

சிவப்புப் பேனா

எனக்குச் சந்தேகம் புரூஃப் ரீடர் காதர் பாய் மேல். அவர் கையெழுத்து இல்லாமல் பிரஸ்ஸில் எதுவும் நகராது. முதலாளி என் கோப்பையும் அந்த வழக்கத்தில் சேர்த்திருந்தார்: அதைத் தாளில் எடுத்துக் கொடுத்தால் பாய் திருத்துவார், ஆபரேட்டர் அந்தத் திருத்தத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஓட்டுவார். தாளில் இடைவெளி கண்டால் பாய்க்குப் பொறுக்காது, சிவப்புப் பேனாவால் நெருக்கிவிடுவார். இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில்கூட எழாமல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் டிபன் பாக்ஸை மூடிவிட்டுச் சொன்னார்: "வெத்து எடத்தத் திருடிட்டுப் போயி நான் எங்கன வைக்கப் போறேன் தம்பி?"

மூன்று கறை

கடைசியில் பார்த்தால், கோப்பின் சுபாவமே அதுதான். மேற்கோள் குறிக்குள் தட்டிய என்டரை அது வெறும் இடைவெளியாகத்தான் எடுத்துக்கொள்ளும். வரி முறிய வேண்டிய மூன்று இடத்திலும் வரியை முறிக்கும் குறியான 
 என்பதைப் போட்டேன். நாலு வரி வந்தது. பாய் மேல் சந்தேகப்பட்டது வெட்கமாக இருந்தது. கோப்பைக் கையெழுத்துக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தாயில்பட்டி பட்டாசு ஆலை ஆர்டரின் முதல் தாள் முதலாளி கையில் இருந்தது. மறுபடி ஒரே வரி. வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் காதர் பாய் எழுந்தார். "தம்பி மேல தப்பில்ல மொதலாளி. மூணு எடத்துல ஏதோ கறை மாதிரி கெடந்துச்சு, நாந்தேன் அழிச்சேன்" என்றார்.

முதலாளி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் எப்ப இருந்து கூட்டு?"

வேலை தப்பியது, ஆனால் அன்றிலிருந்து நானும் காதர் பாயும் டீ குடிக்க ஒன்றாகப் போனதே இல்லை.