கீழே பெய்த மழை

கைப்பேசியில் இந்த வார வானிலையைப் பார்த்தேன். வாரம் முழுக்க மேகப்படம்தான்.

நான் சிறுமியாக இருந்தபோது, சவ்வாது மலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கும். அடிவாரத்து ஒடுகத்தூர்ப் பக்கத்து ஈரக்காற்று சூடேறி மேலே வரும். சரிவில் குளிர்ந்து, உப்பி, கறுக்கும். எங்களுக்கு வெயில் அடிக்கும்போதே கீழே மழை கொட்டும். அம்மா அங்கேதான் நடவு வேலைக்குப் போயிருந்தாள். மழை பெய்தால் நடவு இருக்கும். நடவு இருந்தால் அவள் வரமாட்டாள்.

காலையில் எழுந்ததும் வாசலுக்கு ஓடுவேன்.

"இன்னா பாப்பா, கீழ மோடம் போட்டுக்கிதா?" என்று அடுப்படியிலிருந்து அப்பா கேட்பார்.

"போட்டுக்கிதுப்பா."

"அப்ப உங்கம்மா இன்னிக்கும் வராது."

சொல்லிவிட்டு, அம்மாவுக்கும் சேர்த்தே களி கிண்டுவார். சாமை விதைத்துவிட்டு மலையே மழைக்குக் காத்திருந்தது. நான் மட்டும் வாசலில் நின்று மேகத்தைத் திட்டிக்கொண்டிருப்பேன்.

கையிலிருந்த கைப்பேசி ஒலித்தது. வெளியூரில் வேலை பார்க்கும் மகள்.

"அம்மா, அங்க மழையா?"

ஜன்னலைத் திறந்து பார்த்துத்தான் சொன்னேன். இவ்வளவு நேரம் கைப்பேசியில் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவள் ஊர் வானத்தை.