மதியம் பூட்டிக்கொள்ளும் ஊர்

லண்டனிலிருந்து ஒரு வார ஓய்வுக்காக இந்த இத்தாலியக் கடற்கரை ஊருக்கு வந்திருக்கிறோம். குளித்துவிட்டு வந்தால் மனைவி அறையில் இல்லை. பழம் வாங்கி வருகிறேன் என்று குளியலறைக் கதவருகே சொல்லிவிட்டுப் போனவள் போனையும் மேசையிலேயே விட்டுவிட்டாள்.

தெருவில் எல்லாக் கடைகளும் பூட்டிக் கிடக்கின்றன. மேல்மாடிச் சன்னல் ஒன்றில் வெள்ளைத் துணி மெதுவாக ஆடுகிறது. போர்க்கால யாழ்ப்பாணத்தில் ஊர் இப்படி அடங்கினால் என்ன நடக்கும் என்று கண்டவன் நான். ஓடுகிறேன்.

ஐஸ்கிறீம் கடை வாசலைக் கழுவும் தமிழர் ஒருவர் நிமிர்கிறார்.

“லண்டனோ தம்பி?”

“ஓம் அண்ணை. எப்பிடித் தெரியும்?”

“இந்த வெயிலுக்கை வேற ஆர் ஓடுறது?”

“கடையெல்லாம் பூட்டிக் கிடக்கு. என்ன பிரச்சினை?”

“ஒண்டுமில்லை. சனம் சாப்பிட்டிட்டுப் படுத்திட்டுது. நாலு மணிக்குத் திறப்பினம். வந்த புதுசில நானும் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தனான்.”

“மனிசியைக் காணேல்லை.”

“பழம் தேடி வந்தவவோ? அங்க பாருங்கோ.”

கடலோரம் கவிழ்த்த படகின் நிழலில், வெறும் பையை மடித்துத் தலைக்கு வைத்து அவள் உறங்குகிறாள். எழுப்ப நீட்டிய கையை இழுத்துக்கொள்கிறேன். ஷிப்டும் வீடுமாக ஓடியவள் பகலில் உறங்கி நான் பார்த்ததே இல்லை. அலை சத்தமில்லாமல் வந்து போகிறது. வெயில் அவள் முகத்துக்கு நகர்கிறது. அந்தப் பக்கம் போய், என் நிழல் அவள் மேல் விழும்படி நிற்கிறேன்.