மூடிய குழாய்

குழாய்த் தண்ணீர் உறைந்துபோகும் என்று திருச்சிக்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பங்குனி வந்தால் எங்கள் ஊர்க் குழாயில் தண்ணீரே வராது. வந்தாலும் கை சுடும். நானும் சிரித்தவள்தான். ஒன்பது வயதில் அந்தச் சிரிப்பு நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் அத்தா வேலை பார்த்த தோல் மண்டியை மூடிவிட்டார்கள். ஒரு வருஷம் அவர் வீட்டிலேயே கிடந்தார். பிறகு, ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை யார் யார் கையையோ காலையோ பிடித்துக் கிடைத்தது. துரை கோடையில்தான் வந்து தங்குவார். பங்களாவின் பின்பக்கத்து அறையில் அத்தா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். இதுவும் போனால் போக்கிடம் இல்லை என்று அம்மா தினமும் சொல்வாள். எனக்கே அது மனப்பாடம்.

துரை கிளம்பும்போது மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொன்னது குழாயைப் பற்றித்தானாம். உறைபனி விழுந்தால் குழாய்க்குள் தண்ணீர் கட்டியாகும், கட்டியானால் பருக்கும், பருத்தால் குழாய் வெடிக்கும். அத்தா அதைத் தட்டவில்லை. வடக்குச் சுவரில் ஏறிய குழாய் முழுக்க வைக்கோல் புரி சுற்றி, மேலே சாக்கைப் போர்த்திச் சணலால் இறுக்கினார். ஜன்னல் இடுக்குகளில் கந்தலை அடைத்தார். பொழுது சாய்ந்ததும் குளியலறையில் கணப்புச் சட்டி வைத்தார். கடைசியாக, கொல்லைக் குழாயை நூல் கனத்துக்குத் திறந்துவிட்டு, விடியும்வரை அப்படியே ஓடவிட்டார். ஓடுகிற தண்ணீர் சட்டென்று உறையாதாம்.

அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. திருச்சியில் எங்கள் தெரு முழுவதற்கும் ஒரே குழாய். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவும் ஒளுவை அவள் ஒரு செம்புத் தண்ணீரில் முடித்துவிட்டு, மிச்சத்தை முருங்கைக்கு ஊற்றுவாள். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தாலும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பாடம். சொட்டுகிற குழாய் யாருடையதானாலும் போய் மூடிவிட்டுத்தான் நகர்வாள். நான் மூடாமல் வந்தால் முதுகில் ஒன்று விழும். அப்படி வளர்த்த கையை ஊட்டிக்கும் கூட்டிப் போயிருந்தார்கள்.

இவ்வளவு தண்ணீரையும் கொட்டிவிட்டு நாளைக்கு அல்லாஹ்விடம் யார் பதில் சொல்வது என்று அம்மா கேட்டாள்.

"நான் சொல்லிக்கிறேன். நீ அதுல கைய வைக்காத," என்றார் அத்தா.

வழக்கத்துக்கு மாறாக, கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நண்பர்களோடு மறுநாள் காலை வருவதாகத் துரை சொல்லியனுப்பினார். அன்று மாலை அத்தா கொல்லைக் குழாயை வழக்கம்போல் திறந்துவிட்டுப் போய், முன்னறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா கொல்லையில் ஒளு செய்துவிட்டு உள்ளே போனாள். அடுத்து நான் போனேன். விரல் மரத்துப்போகும் குளிர். அவசர அவசரமாகக் கழுவினேன். குழாயை மூடினேன். யோசித்து மூடவில்லை, மூடாமல் வர எனக்குத் தெரியாது.

காலையில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் கிடந்தது. எந்தக் குழாயிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. அத்தா கொல்லைக்கு ஓடினார். குழாய் இறுக மூடியிருந்தது. துரை வந்துவிடுவாரே என்ற பதற்றத்தில், சாக்கையும் வைக்கோலையும் பிய்த்தெறிந்துவிட்டு, அடுப்பில் கொதித்த வெந்நீரைக் கொண்டுவந்து குழாய்மேல் ஊற்றினார். படீரென்ற சத்தத்தோடு குழாய் விரிசல் விட்டது. கொஞ்ச நேரத்தில் பனிக்கட்டி இளகி, துரை புத்தகங்கள் வைத்திருந்த அறைக்குள் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. வண்டி வந்து நின்றபோது அத்தா விரிசலைச் சாக்கால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலைமுதல் கால்வரை நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

குழாயை மூடியது யார் என்று துரை கேட்டார். தான்தான் மறதியாக மூடிவிட்டதாக அத்தா சொன்னார். மத்தியானத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

மூட்டை கட்டும்போது அம்மா உடைந்துபோனாள். "நாந்தாங்க மூடியிருப்பேன். மூடின ஞாபகமே இல்ல. ஆனா என்னைய விட்டா வேற யாரு மூடுவா?"

அத்தா மூட்டையை இறுக்கிக் கட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம். அடிக்குப் பயந்து சொல்லாமல் இருந்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. அம்மா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அன்று பிடித்த சளி அத்தாவின் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை. திருச்சிக்குத் திரும்பியும் அவர் வேலைக்குப் போகவில்லை, போக முடியவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் மௌத்தானார். குழாயைப் பற்றி அவர் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனோ என்னவோ.

கணவனை இழந்தவள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் இத்தா நாட்கள் முடிந்து அம்மா வெளியே வரத் தொடங்கிய பிறகு ஒரு நாள், இருவரும் குடத்தோடு போனபோது தெருக்குழாயை யாரோ திறந்துபோட்டுப் போயிருந்தார்கள். தண்ணீர் சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா பழக்கம்போல் கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீ மூடும்மா. எனக்குக் கை வர மாட்டேங்குது. உன் கை பாவமறியாத கை," என்றாள்.

நான் மூடினேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வீட்டுக்கு நடந்தேன்.