‘சேலம்’ என்பதை அடித்துவிட்டு

அறுபத்தைந்தில் சேலத்திலிருந்து எங்கள் பக்கத்தைப் பிரித்துத் தர்மபுரி மாவட்டம் என்று அறிவித்தபோது, காரிமங்கலம் சந்தையிலிருந்து அப்பா மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்தார். “இனிமே ஒரு கையெழுத்துக்காகச் சேலத்துக்கு ஓட வேண்டியதில்லம்மா. எல்லாம் நம்ம ஊர்லயே” என்றார். மறு வருஷம் ஒரு புது அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை கிடைத்தது. அங்கே இருந்ததெல்லாம் பழைய தாள்கள். மேலே அச்சிட்டிருந்த ‘சேலம்’ என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘தர்மபுரி’ என்று தட்டுவதுதான் என் முதல் வேலை. சொந்த ஊரின் பெயரை அரசாங்கத் தாளில் தட்டுகிறேன் என்று விரலெல்லாம் பெருமை.

அந்தப் பெருமையைக் கெடுத்தவர் என் மேலதிகாரி. வெளியூரில் ஏதோ தகராறு, இங்கே மாற்றிவிட்டார்கள். வந்த நாளிலிருந்து எங்கள் மாவட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ‘தண்ணியில்லாக் காடு’. அதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தார்கள். உள்ளூர்க்காரர்களும்தான். அது எனக்கு இன்னும் எரிந்தது.

ஒருநாள் வத்தல்மலையிலிருந்து ஓர் அம்மா மனு கொண்டுவந்தார்.

“பெரிய பொண்ணு பிரசவ வலியில, டோலி கட்டித் தூக்கிட்டு வர்ற வழியிலயே போயிட்டாளுங்க. சின்னவ இப்ப மாசமா இருக்கறாளுங்க. மலைக்கு ஒரு ரோடு போட்டுக் குடுங்க சாமி.”

மேலதிகாரி மனுவைக் கையில்கூட வாங்கவில்லை. “நானே தண்டனையா இங்க வந்து கெடக்கறேன். உங்களுக்கு ரோடு ஒண்ணுதான் கொறச்சலா?”

நான் எழுந்துவிட்டேன். “தண்டனை உங்களுக்குங்க சார். இந்தம்மா என்னங்க சார் தப்புப் பண்ணாங்க?”

அந்த அம்மா பயந்துபோய், “விடு கண்ணு, உன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிடப்போவுது” என்றார். மனுவை நான் வாங்கி, முத்திரை குத்தி, மேலதிகாரியின் மேஜைமேல் வைத்தேன்.

அடுத்த வாரமே என்னைப் பழைய கோப்புக் கட்டுகள் கிடக்கும் அறைக்கு மாற்றினார்கள். அவர் சிபாரிசு பிடித்துக் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் வந்த அன்றே போகும் வழியைத்தான் தேடினார்கள்.

நான் ஓய்வு பெறும்வரை அந்த மலைக்குச் சாலை வரவில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன ஆயிற்றென்று எனக்குத் தெரியாது. மாவட்டம் பிறந்த கதையை இன்று யாராவது மேடையில் புகழ்ந்து பேசினால், பாதியில் எழுந்து வந்துவிடுகிறேன்.